மு.வீ. வீட்டு ஈயப் பானை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் மதுரை பஸ் வராமல் போன ஒரு மத்தியானத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெகபர் சாதிக் என்பவர் இதை எனக்கு மூன்று வாக்கியங்களில் கொடுத்தார். முதல் வாக்கியம்: ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ரேடியம் வைத்திருந்த பானை காணாமல் போனது. இரண்டாவது: அது ஒரு வீட்டில், பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படுத்திருந்த அறைக்கு அடுத்த அறையில் இருந்தது. மூன்றாவது: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதல் இரண்டையும் கேட்டபோது என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. மூன்றாவதைக் கேட்டதும் வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"ஒண்ணும் ஆகலையா?" என்றேன்.

என் குரலில் இருந்த ஏமாற்றம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "மன்னிச்சுக்கங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் இருவர் பிழைப்பும் நேர் எதிர். அவர் கதிரியக்கப் பொருள்களின் பாதுகாப்புக்கான அரசாங்கத் தொடர்பு அலுவலர். எங்கேயும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். நான் எங்கேயாவது எதுவாவது ஆகாதா என்று காத்துக் கிடக்கிறவன், அதுவும் சம்பளம் இல்லாமல்.

பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். வழி நெடுகத் துருவித் துருவிக் கேட்டதில் கிடைத்தவை கீழே. கிடைக்காதவற்றை நானே போட்டுக்கொண்டேன். எது எது என்று கேட்காதீர்கள். பாதி எனக்கே மறந்துவிட்டது.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

'1973ஆம் ஆண்டு ஆடி மாதம். காரைக்குடி வானத்தில் கருமேகங்கள் திரண்டு'

(ஆடியில் காரைக்குடிக்கு மேகம் ஏது? காற்றும் புழுதியும்தான். அடித்துவிட்டேன்.)

'கண்ணுக்குத் தெரியாத மரணம் ஒன்று செட்டிநாட்டுத் தெருக்களில் மாட்டுவண்டி ஏறிப் பயணம் செய்து'

(இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். மறுநாள் காலையில் வாசித்தபோது ரயில்வே புத்தகக் கடை வாசனை அடித்தது.)

'ஜெகபர் சாதிக் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய மாமியார் சைதுன் பீவிக்குக் கடைசிவரை புரியவில்லை.'

இது இருக்கட்டும். மாமியாரைக் கொண்டு ஆரம்பித்தால் கதை எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடும்.

3

ஜெகபர் சாதிக் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய மாமியார் சைதுன் பீவிக்குக் கடைசிவரை புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் பம்பாயிலிருந்து தபால் வருகிறது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிறார், ஆனால் டாக்டர் இல்லை. ஜீப்பில் வருகிறார், ஆனால் போலீஸ் இல்லை. இளையான்குடியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியாது மாமி. மணம் கெடையாது. தொட்டாலும் தெரியாது. ஆனா ஒடம்புல பூந்துச்சுன்னா கெடுதல் பண்ணும். அது வெளிய வந்துறாம ஒழுங்கா அடைச்சு வச்சிருக்காகளான்னு பாக்குறதுதான் நம்ம சோலி."

மாமியார் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "அப்ப ஜின்னு மாதிரி."

"ஏறக்கொறைய" என்றார் சாதிக். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வார்த்தை போதும். மறு வெள்ளிக்கிழமை, அந்தியானால் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஜின்னை விரட்டச் சொல்லி ஒரு பெண் வந்து நின்றாள். சாதிக்குக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தார். அது அழுகையை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

உண்மையில் அவர் வேலை பேச்சு கொண்டு போகிற வேலை. சட்டவிதிகள் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ரேடியம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அதைப் பூட்டி வைக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து எழுதுவார்கள். ஆஸ்பத்திரிகள் பதில் போடாது. சாதிக் போய், பம்பாயின் கோபத்தைச் சிரித்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுவார். திரும்பி வந்து, ஆஸ்பத்திரியின் சாக்குப்போக்கை மரியாதையான ஆங்கிலத்தில் பம்பாய்க்கு எழுதுவார். இரண்டு பக்கமும் அவரைத்தான் திட்டும். அவர் அதைத் தன் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

4

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அதை நான்தான் கட்டினேன் என்பதை நம்ப மாட்டீர்கள்.

அங்கே இருந்த ரேடியம், கொத்தமங்கலம் மு.வீ. குடும்பம் கொடுத்தது. பினாங்கில் தொழில் செய்த குடும்பம். வீட்டுப் பெரிய ஆச்சி கர்ப்பப்பைப் புற்றில் போய்ச் சேர்ந்ததும், இன்னொருத்தி அப்படிப் போகக் கூடாது என்று பிள்ளைகள் சீமையிலிருந்து ரேடியம் ஊசிகளை வரவழைத்துக் கொடுத்தார்கள். கோணி ஊசியைவிடச் சின்னது. நோய் இருக்கிற இடத்தில் சில நாள் வைத்து எடுத்தால் கட்டி கரையும். வெறுமனே பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தால் ஆரோக்கியம் கரையும். அதனால் அவற்றைத் தடித்த ஈயப் பானையில், திருகு மூடி போட்டு வைத்திருந்தார்கள்.

பானை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், அந்த வீட்டு வழக்கப்படி அதன் வயிற்றில் 'மு.வீ.' என்று பேர் வெட்டினார்கள்.*

* அந்த ஊர்களில் பேர் வெட்டாத பாத்திரம் வாசல்படி தாண்டாது. ஒரு வீட்டு விசேஷத்துக்கு நாலு வீட்டு அண்டா போகும், தாம்பாளம் போகும். திரும்பி வரும்போது எழுத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். தானமாகக் கொடுத்த பொருளுக்கு எதற்குப் பேர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பாத்திரம் என்றால் பேர். அவ்வளவுதான்.

ரேடியம் வைத்தியம் பார்த்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அதன் பிறகு அந்த மாதிரி நோயாளிகளை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். பானையை ஒருவரும் தேடவில்லை. ஆடி மாதம் சாதிக் சோதனைக்கு வந்து சுவரலமாரியைத் திறந்தபோது, உள்ளே ஒரு பல்லி இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். கடைசியில் ஐயனார் என்கிற வார்டு சிப்பந்தி, சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"குட்டையா, ஈயத்துல, மூடிக்குத் திருகு வச்ச பானையாங்க?"

"அதேதான்! பாத்தீகளா?"

"அது அவுக வீட்டுக்குப் போயிருச்சுங்களே."

"எவுக வீட்டுக்கு?"

"கொத்தமங்கலம் மு.வீ. வீட்டுக்கு. தைப்பூசத்துக்கு இங்க அன்னதானம் போட்டம்ல? அவுக வீட்ல இருந்தும் பாத்திரம் வந்துச்சு. அந்நேரம் பாத்து உள்ள வெள்ளையடிக்கிறோம்னு இங்குட்டு இருந்த சாமானெல்லாம் முத்தத்துல கெடந்துச்சு. நாந்தேன் எழுத்தப் பாத்துப் பிரிச்சு, வண்டி கூடவே போயி எறக்கிட்டு வந்தேன். ஒரு கரண்டி மாறலைங்க."

"அதுல மஞ்சள் சீட்டு ஒண்ணு ஒட்டியிருக்குமே. மூணு எதழு போட்ட படம்?"

"பாத்தேங்க. ஃபேன் கம்பெனிக்காரன் சீட்டுன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் சாதிக் கத்தியிருக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். மேஜையில் குத்தச் சொன்னேன், நாற்காலியைத் தள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பொருளை அடுத்த வீட்டுக்குச் சேர்த்த மனிதனை எந்த விதியின் கீழ்த் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஜீப்புல ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

5

கொத்தமங்கலத்து வீட்டை வருணிக்கப் போவதில்லை. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம் என்றால் போதும். நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் வடக்குப் பக்கம் மூத்தவர் பங்கு. அவர் பினாங்கில் இருந்ததால் அவர் மனைவி உமையாள் ஆச்சி பார்த்துக்கொண்டார். தெற்குப் பக்கம் இளையவர் தண்டாயுதபாணி செட்டியாருடையது. பொதுப் பாத்திரங்கள் வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அறையில். கதவில் இரண்டு பூட்டு, பங்குக்கு ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

தை மாதம் பாத்திரம் திரும்பி வந்தபோது இரண்டு சாவியும் சேர்ந்தன. மாசியில் சண்டை வந்தது. அதற்குப் பிறகு சேரவில்லை.

(சண்டை எதற்கு என்று சாதிக் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒன்று எழுதினேன். சாமி கும்பிட்ட வீட்டில் யாருக்கு முதல் இலை என்று ஒன்று எழுதினேன். யாரோ யாரையோ பார்த்து இருமினார் என்றும் எழுதினேன். மூன்றுமே பொருந்துகிறது. உங்கள் குடும்பத்தில் எது நடந்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.)

சாதிக் செய்த ஒரே தப்பு, வாசலில் நுழையும்போதே கதிர் அளக்கிற மீட்டர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டது. தோளில் வார், கையில் குழல், பெட்டிக்குள்ளிருந்து டக்கு டக்கென்று சத்தம். அந்த வருடங்களில் வீட்டுத் தங்கத்துக்குக் கணக்குக் காட்டச் சொல்லிச் சட்டம் இருந்தது. சுவரில் வைத்தால் தங்கம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும் மிஷின் டெல்லியிலிருந்து வந்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அரசாங்க ஜீப்பும் மிஷினும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

"வாங்க, இருங்க. மோர் கொண்டாரச் சொல்லவா?" என்றார் உமையாள் ஆச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் உபசாரம், கண் மட்டும் மீட்டரை விட்டு நகரவில்லை.

"இருக்கட்டும் ஆச்சி. தைப்பூசத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்த பாத்திரமெல்லாம் எங்க இருக்கு?"

"பொது ரூம்புல."

"கொஞ்சம் தெறக்கச் சொல்லுறீகளா?"

"சாவி பினாங்குல இருக்கு."

"ஆமா, பினாங்குலதான் இருக்கு" என்றது தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

உமையாள் ஆச்சி திடுக்கிட்டுத் திரும்பினார். மாசிக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு ஆதரவாக வந்த முதல் பேச்சு அது.

"ரெண்டு சாவியுமா பினாங்குல இருக்கு?" என்று கேட்டார் சாதிக்.

"ஒண்ணு பினாங்கு" என்றார் ஆச்சி.

"ஒண்ணு ஈப்போ" என்றார் தண்டாயுதபாணி.

6

தண்டாயுதபாணி செட்டியாரைப் பற்றி எனக்குள்ள சந்தேகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டது. சாவி வைத்திருப்பவர், சண்டைக்காரர், பொய்யும் சொல்லிவிட்டார். அவரை விட்டால் ஆள் இல்லை. புருவத்தை அடர்த்தியாக்கினேன். குரலைக் கரகரப்பாக்கினேன். 'அவர் சிரித்தபோது அதில் ஈரம் இல்லை' என்று ஒரு வாக்கியம்கூட வைத்திருந்தேன்.

ஆனால் சாதிக் அவரைப் பற்றிச் சொன்னது, கைவைத்த பனியனும் மடியில் ஒரு டிரான்சிஸ்டரும் மட்டும்தான். அதில் நெல்விலை கேட்டுக்கொண்டிருந்தாராம். நெல்விலை கேட்கிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன கொடுமை செய்ய முடியும்? புருவத்தைப் பழையபடி மெலிதாக்கிவிட்டேன்.

இதற்குள் சாதிக் மீட்டரோடு பொது அறைக் கதவுப் பக்கம் போயிருந்தார். சத்தம் கொஞ்சம் நெருக்கமாக வந்தது. அடுத்த அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில், முதுகுக்குத் தலையணை கொடுத்து, பொது அறைச் சுவரில் சாய்ந்தபடி ஓர் இளம்பெண். உமையாள் ஆச்சியின் மகள் சிகப்பி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

சாதிக்கின் கால் நின்றுவிட்டது. மீட்டர் நிற்கவில்லை. அந்தச் சத்தம் ஒரு

(விட்டுவிட்டேன். என்ன உவமை போட்டாலும் சிகப்பிக்குக் கேட்டுவிடும்.)

"அது ஏன் இங்க வந்து வேகமாக் கத்துது?" என்றாள் சிகப்பி. "எங்கிட்ட இருக்கிற தங்கம் இந்தக் கழுத்துல கெடக்கிறதுதான். வேணும்னா எழுதிக்கங்க."

"எத்தன நாளா இந்த ரூம்புல படுத்திருக்கீகம்மா?"

"வந்ததுல இருந்து. இந்தச் செவுரு மட்டும்தான் குளுந்து கெடக்கு."

வாசகரே, சாதிக் எதற்குப் பயந்தார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்து வைத்துப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் பானை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரை ஒட்டி இருந்தால், வாரக்கணக்காக அந்தப் பெண்ணும் வயிற்றில் உள்ளதும் அதன் பக்கத்தில் இருந்திருக்கின்றன. மூடி திறந்து ஊசி வெளியே கிடந்தால் அதைவிட மோசம். ஏன், எந்த வேலைக்காரப் பெண்ணாவது அதில் ஒன்றை எடுத்துக் கோணி தைத்திருக்கலாம். பெட்டியிலிருந்து வந்த சத்தத்துக்கு இத்தனை அர்த்தமும் உண்டு. கதவு திறந்தால்தான் எது என்று தெரியும். கதவுக்குச் சாவி கடல் தாண்டி, பினாங்கில் ஒன்று, ஈப்போவில் ஒன்று.

7

பொதுமக்களிடையே பீதி கிளப்பக் கூடாது என்று அவருக்கு உத்தரவு இருந்தது. உத்தரவு போட்டவர்கள் பம்பாயில் இருந்தார்கள். சிகப்பி இங்கே இருந்தாள்.

"மொதல்ல எந்திரிச்சு முகப்புக்குப் போங்கம்மா. ஐயனார், அவுகளுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார். பிறகு முற்றத்தின் நடுவில் போய் நின்றார். அங்கே நின்றால்தான் இரண்டு பக்கமும் கேட்கும்.

"நான் தங்கம் தேடி வரல. உங்க வீட்டுத் தங்கத்தப் பத்தி எனக்கு ஒரு அக்கறையும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு நீங்க குடுத்த ரேடியப் பானை, பேரு வெட்டியிருக்குன்னு தைப்பூசத்தப்பப் பாத்திரத்தோட பாத்திரமா இங்க வந்துருச்சு. அந்த ரூம்புக்குள்ளதான் இருக்கு. எந்த மூலையில இருக்குன்னு தெரியல. அந்தப் பிள்ள இத்தன நாளும் அந்தச் செவுத்துல சாஞ்சிருக்கு. நான் உள்ள போயிப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

உமையாள் ஆச்சி மகள் போன திசையைப் பார்த்தார்.

"எங்க மாமியா பேருல வாங்குனதுல்ல அது" என்றார் மெதுவாக. "நாலு பொம்பளைக பொழைக்கட்டும்னு..."

தெற்குப் பக்கத்தில் நெல்விலை நின்றது. தண்டாயுதபாணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பாத்துக்கங்க" என்றார் ஆச்சி சாதிக்கிடம். "இதுதான் இவுக லெச்சணம். அண்ணன் மகளாச்சேன்னு ஒரு..."

அவர் முடிப்பதற்குள் தண்டாயுதபாணி திரும்பி வந்தார். கையில் சாவி. முற்றத்தைச் சுற்றி வராமல் குறுக்கே இறங்கி நடந்து வந்தார். ஈப்போ அவ்வளவு பக்கத்தில் இருப்பது அன்றைக்குத்தான் சாதிக்குக்குத் தெரிந்தது.

தன் பூட்டைத் திறந்தார். ஆச்சி இடுப்பிலிருந்து தன் சாவியை எடுத்தார். அவசரத்தில் அது பூட்டின் வாயைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"சாவிய எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் தண்டாயுதபாணி, சாதிக்கைப் பார்த்து.

"ஆச்சி, சாவிய அவுக கிட்ட..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் என்ன செவிடா?"

சாவி கை மாறியது. இரண்டாவது பூட்டும் திறந்தது.

"சிகப்பிக்காகத்தான்" என்றார் தண்டாயுதபாணி, இப்போதும் அண்ணன் மனைவியைப் பார்க்காமல் சாதிக்கிடமே. "எங்க அண்ணமிண்டி வேற மாதிரி நெனச்சுக்கிற வேணாம்."

"நெனைக்கலன்னு சொல்லுங்க."

"நெனைக்கலையாம்" என்றார் சாதிக். அவர் வாங்குகிற சம்பளத்துக்கு அந்த வருடம் செய்த மிக உருப்படியான தொடர்புப் பணி இதுதான்.

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மீட்டரோடு தனியாக உள்ளே போனார்.

இருட்டு. அடுக்கடுக்காகப் பித்தளை. அண்டா, தவலை, தாம்பாளம், பேர் தெரியாத பெரிய பெரிய வாய்கள். சிகப்பியின் சுவரை ஒட்டிக் குழலை நீட்டினார். மீட்டர் வெளியே தட்டிய அளவுக்குத்தான் தட்டியது. இன்னும் உள்ளே போனார். இன்னும். அறையின் அந்தக் கடைசிக்குப் போன பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

"ஐயனார்!" என்று உள்ளேயிருந்தே கத்தினார். "எங்குட்டுய்யா வச்சீக?"

"அங்குட்டுக் கடைசியிலங்க, மூலையில!" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "கனமா இருந்துச்சா, எடுக்க வர்றவுக காலுல கீலுல விழுந்துறப் போவுதுன்னு தள்ளி வச்சேன்!"

மூலையில் பானை இருந்தது. மேலே புழுதி ஒரே சீராகப் படிந்திருந்தது. பழைய டாக்டர் ஓய்வு பெறும்போது மூடித் திருகில் வைத்த அரக்கு முத்திரை உடையவில்லை. பிற்பாடு ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தபோது ஊசி எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் எண்ணுவதற்கு முன்னாலேயே, அந்த அரக்கைப் பார்த்தவுடனேயே, சாதிக் ஓர் அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாதமாக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. ஒரு பாத்திரத்தை நகர்த்தவில்லை. ஒரு மூடியைத் திருகவில்லை. பம்பாயின் விதிகள் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை அண்ணமிண்டியும் கொழுந்தனும் பேசாமல் இருந்தே செய்து முடித்திருந்தார்கள்.

8

முகப்பில் சிகப்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாதிக் தலையெல்லாம் ஒட்டடையோடு வந்து நின்றார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையில்ல?" என்று கேட்டாள்.

இதற்கு அவர் துறையில் பதில் இருந்தது. 'அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்டது.' அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. கதிர் விஷயத்தில் ஒன்றும் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார். எந்தப் புத்தகத்திலும் அந்த வார்த்தை இல்லை. சாதிக் உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டார். தூரம், சுவர், ஈயம், அவள் வந்த நாள். அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஒரு தடவை நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பதில் வருவதைவிடக் குறைவு. கை வியர்வையில் கணக்கு கரைந்தது. மூன்றாவது தடவை மனசுக்குள் போட்டார்.

நான் இங்கே அவருக்கு ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தேன். அறிவியல், மனிதம் எல்லாம் வரும். அவர் அதைப் பேச மறுத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றார். "நல்லாப் பொறக்கும்."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அரசாங்கம் எந்த அதிகாரமும் கொடுத்திருக்கவில்லை.

சிகப்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உமையாள் ஆச்சி அவளை அடித்தார், பிறகு கட்டிக்கொண்டார். ஐயனார் எதற்கு என்று தெரியாமல் சாதிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பானையை ஜீப்பின் பின்கோடியில் ஏற்றியபோது ஆச்சி ஓடி வந்தார்.

"அதுல எங்க பேரு இருக்கு. வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்துருவீகள்ல?"

"ஆயிரத்து அறுநூறு வருசம் ஆனாலும் ரேடியம் பாதிதான் ஆச்சி கரைஞ்சிருக்கும்."

"பரவால்ல. பேரு இருக்குல்ல."

பானையைப் பூட்டி ஒப்படைத்துவிட்டு, சாதிக்கும் ஐயனாரும் காரைக்குடியில் ஒரு கடையில் பன்னீர் சோடா குடித்தார்கள். பாதிக் குடிக்கும்போது சாதிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயனாருக்கும் தொற்றிக்கொண்டது. சோடா மூக்கில் ஏறிக் கண்ணில் வந்தது. கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்.

9

இனி முடிவு.

பரிசு வாங்குகிற மாதிரி ஒரு முடிவு இருக்கிறது. அது 'பிறந்த குழந்தையின்' என்று ஆரம்பிக்கும். அந்த இரண்டு சொல் எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து, இரண்டையும் அடித்தேன். அடுத்த வரி எனக்குத் தெரியும், நன்றாகவே வரும். அதனால்தான் எழுதவில்லை. சாதிக் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைப் பொய்யாக்குவதற்கு நான் யார், பம்பாயா?

குடும்பப் பத்திரிகைக்கு ஏற்ற முடிவும் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பூட்டும் கிணற்றில் விழும், எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். அதுவும் நடக்கவில்லை. அன்று சாயந்திரமே இரண்டு பூட்டும் மாட்டப்பட்டன. சாவிகள் பினாங்குக்கும் ஈப்போவுக்கும் திரும்பிப் போயின.

நடந்ததாகச் சாதிக் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு கொத்தமங்கலம் வழியாகப் போக ஏதாவது ஒரு காரணம் அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் வேறு ரேடியமும் இல்லை, வேறு ஆஸ்பத்திரியும் இல்லை. ஜீப்பின் பயணக் கணக்கில் 'தொடர் கண்காணிப்பு' என்று எழுதினார். தன்னுடைய வார்த்தையைத்தான் கண்காணித்துக்கொண்டிருந்தார் என்பது என் அபிப்பிராயம்.

புரட்டாசியில் ஒரு காலை. வாசலில் இறங்கும்போதே அழுகை கேட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு மூலையில் அழுதால் மறு மூலைக்குக் கேட்காது. இது தெரு வரைக்கும் கேட்டது. உமையாள் ஆச்சி துணிச் சுருணையைக் கொண்டுவந்து சாதிக்கின் கையில் வைத்தார். சாதிக் குழந்தையின் விரலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வாயைத் திறந்து இன்னொரு தடவை கத்தியது. அவருடைய அரசாங்க உத்தியோகத்தில் இப்படி ஓர் ஒப்புதல் அவருக்கு எழுத்தில் கிடைத்ததே இல்லை.

தெற்குப் பக்கத்தில் தண்டாயுதபாணி செட்டியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். படியின் ஓரத்துக்கு வந்துவிட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் முற்றத்தில்.

உமையாள் ஆச்சி அவரைப் பார்த்தார். பிறகு சாதிக்கைப் பார்த்தார்.

"பிள்ளையப் பாக்கணும்னா வந்து பாக்கச் சொல்லுங்க."

இரண்டு கையிலும் குழந்தையை வைத்துக்கொண்டு சாதிக் தெற்குப் பக்கம் திரும்பினார்.

நான் இங்கே நிறுத்துகிறேன். குழந்தை நன்றாக இருக்கிறது. அதை நான் முடிவு செய்துவிட்டேன், அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். பெயர் வைக்கும் சிரமம்கூட உங்களுக்கு இல்லை, அவர்கள் வழக்கப்படி அப்பா வீட்டுப் பெரியவர்கள் பெயர் தயாராக இருக்கிறது. செட்டியார்தான் பாக்கி. அந்த இன்னொரு காலை முற்றத்தில் வைக்கச் சொல்வதா, முதல் காலையும் பின்னால் எடுக்கச் சொல்வதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டிலேயே இப்படி ஒருவர் ஒரு காலோடு நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள், சாதிக்குக்குக் கை வலிக்கும்.